நடிகை வரைந்த நிலக்காட்சிகள்

ஆசிரியருக்கு,

நடிப்பை விட்டுத் தூரிகை பிடித்த கலைஞரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவருடைய ஓவியங்களை 'பொழுதுபோக்கு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியது வருத்தமாக இருந்தது. கண்காட்சியில் அவற்றை நேரில் பார்த்தவன் நான். மின்கோபுரம், மேம்பாலத்தின் அடிப்பக்கம், மழை விட்ட சாலையில் மிதக்கும் எண்ணெய்: இவைதான் அவருடைய நிலக்காட்சிகள். அந்த எண்ணெய்ப் படலத்தை அடர்ந்த சாம்பல் நிறத்தின் மேல் மெல்லிய ஊதாவாகத் தேய்த்து, ஓரத்தைத் துணியால் ஒற்றி எடுத்திருக்கிறார். கிட்டே போனால் ஈரம் தெரிகிறது! 1844இல் ஆங்கில ஓவியர் டர்னர் மழைக்குள் விரையும் ரயிலைக் காட்சிக்கு வைத்தார்; அது அன்றைய நவீன நிலக்காட்சி. ஒளி எங்கே விழும் என்பதைக் கேமரா முன் நின்றே பல வருடம் பழகியவர் இவர். அப்புறம் எப்படி இது பொழுதுபோக்காகும்? அடுத்த முறை அவர் முகத்தைவிட ஓவியங்களைப் பெரிதாக அச்சிடுங்கள்.

- ஒரு வாசகர்