சில்லை விட்டுக் குழியைப் பாருங்கள்

யாழ் மாவட்டப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே ஒரு பழைய பஸ் நிற்கிறது. இரண்டு வருடமாக என் தம்பியின் குடும்பம் அதில்தான் இருக்கிறது. அண்மையில் சபையிலிருந்து ஒரு அலுவலர் வந்தார். நாடா பிடித்து நீள அகலம் அளந்தார். "இது கட்டடம். பிளான் பாஸ் பண்ணாமல் குடியிருக்க ஏலாது" என்றார். அடுத்த கிழமை வேறொருவர் வந்தார். குனிந்து சில்லுகளைப் பார்த்துவிட்டு, "இது வாகனம். இதுக்குள்ள ஆக்கள் இருக்க ஏலாது, எடுங்கோ" என்றார். கட்டடம் என்றால் வரைபடம் வேண்டும். பஸ்ஸுக்கு யார் அத்திவாரம் கீறித் தருவார்? வாகனம் என்றால் ஓட வேண்டும். எஞ்சினைக் கழற்றி இரும்புக்கு விற்றாயிற்று.

எந்தச் சபை என்று எழுதவில்லை. வந்த இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் கையில் இப்படியொன்றுக்கு விதி இல்லை, அவ்வளவுதான்.

தம்பி அந்தப் பஸ்ஸைப் பல வருடம் ஓட்டியவன். மனைவியின் சீதனக் காணி பலாலிப் பக்கம், 1990 இல் விட்டுவிட்டு வந்தது. சுற்றிவர எத்தனையோ காணி விடுபட்டும் அந்தத் துண்டு இன்னும் இராணுவத்திடம். வாடகை வீட்டில் வருடங்கள் போயின. கடைசியில் அம்மாவின் மூன்று பரப்புக் காணியில் என்னோடு வந்து நின்றான். என் வீட்டில் இரண்டு அறைதான். அதனால் பஸ்ஸைத் திருத்தினோம். சீற்றுகளைக் கழற்றி, பலகையால் நடுவில் மறித்து, வெயில் தாங்க மேலே கிடுகு போட்டோம். ஸ்டியறிங்கில் இப்போது துவாய் காய்கிறது. மணிக் கயிற்றை மட்டும் பெறாமகள் அவிழ்க்க விடவில்லை. சோறு வேண்டுமென்றால் இழுத்து அடிப்பாள்.

முறைப்பாடு கொடுத்தவர் பக்கத்து வளவு அண்ணை. அவரோடு எனக்குக் கோபமில்லை. சபைக்குப் போக முதல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இன்னும் நாலு பேரின்ர கழிவுத் தண்ணி எங்க போகுது?" வந்த அலுவலர்கள் இருவரும் கேட்காத கேள்வி அது.

இந்த மண்ணில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான். குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீர். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். நிலாவரையின் ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே விட்டது மண்ணில் வடிகட்டி மெல்ல இறங்கும் என்று நம்பியிருக்க முடியாது. பொந்து கிடைத்தால் நேரே போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் தெரிந்தபோது சனம் போத்தலோடு தண்ணீருக்கு அலைந்ததைப் பார்த்தோம். மலக்குழித் தண்ணீர் எண்ணெய் மாதிரி மிதந்து காட்டிக்கொடுக்காது.

அண்ணை கேட்ட பிறகு நானே அளந்தேன். பஸ்ஸில் மலகூடம் இல்லை, என் வீட்டுடையதைத்தான் எல்லோரும் பாவிக்கிறோம். அதன் குழியிலிருந்து கிணற்றுக்கு 38 அடி. எங்கள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வாய்க்கு வாய் சொல்வது 50 அடி. இத்தனைக்கும் என் வீடு சி.ஓ.சி. (கட்டி முடித்தபின் சபை தரும் இணக்கச் சான்றிதழ்) எடுத்த, சபைக்குச் சோலைவரி ஒழுங்காகக் கட்டுகிற வீடு. கல் வீடு என்பதால் யாரும் நாடா பிடிக்கவில்லை. பஸ்ஸின் சமையல் தண்ணீரோ வாழைப் பாத்திக்குப் போகிறது.

எங்கள் பக்கத்துப் பிழை இன்னொன்றும் உண்டு. முதல் மாரியில் பஸ்ஸின் படியில் கால் வைத்த தம்பியின் மனைவிக்குச் சுள்ளென்று இழுத்தது. வீட்டிலிருந்து இழுத்த வயர் தகரத்தில் உரசியிருந்தது. உடனே மின் வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து ஏர்த் அடித்து, ட்ரிப் சுவிட்சும் போட்டோம். விதி என்று ஒன்று இருந்திருந்தால் அதை முதல் நாளே செய்திருப்போம்.

இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். அங்கே 1960 இலேயே கரவன்களுக்கு, அதாவது இழுத்துச் செல்லக்கூடிய குடியிருப்பு வண்டிகளுக்கு, சட்டம் வந்துவிட்டது. வீட்டு வளவுக்குள் கரவனை நிறுத்தி, அதே குடும்பம் வீட்டோடு சேர்த்துப் புழங்கினால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. அது தனி வீடாக மாறினால் அனுமதி எடுக்க வேண்டும். எது கரவன் என்பதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: நீளம் 20 மீற்றர், அகலம் 6.8 மீற்றருக்குள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2021 இல், வீட்டு வளவில் இப்படி ஒரு வாகனத்தில் குடியிருக்கலாம் என்று விதியையே மாற்றியது. அவர்கள் ஊர் வேறு, அங்கே குழாய்த் தண்ணீர். நமக்கு அப்படியே பொருந்தாது, சரி. ஆனால் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். சுவர் எழுப்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி ஆக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. அதைப் பாவித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வளவுக்கு ஒன்று, அதுவும் காணிக்காரரின் குடும்பத்துக்கு மட்டும், வாடகைக்கு விடக்கூடாது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இத்தனை அடி. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்துத்தான். மின்சாரம் தகுதியானவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வேலியிலிருந்து தூரம் வையுங்கள், நெருப்புப் பிடித்தால் அண்ணையின் கிடுகு வேலிதான் முதலில் போகும். வருடாவருடம் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கட்டணம் கேட்டால் கட்டுகிறோம். வேலிக்கு மேலால் தெரிகிற பஸ் வடிவில்லை என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, உண்மையிலேயே வடிவில்லைத்தான்.

பஸ்ஸை அகற்றச் சொல்லி வந்த கடிதத்தில் இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்கு முன் யாராவது ஒருவர் நாடாவோடு வாருங்கள். இந்த முறை கிணற்றடியிலிருந்து அளப்போம். முதலில் என் வீட்டுக் குழி. அதை மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன், கொத்தனாரோடு ஏற்கெனவே பேசியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து சோலைவரி கட்டும் ஒருவன்