ரூப்ரக்கின் பயண நூலை முழுதாகத் தமிழில் கொண்டுவாருங்கள்

அன்புள்ள தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். பழைய ஐரோப்பியப் பயணிகள் கிழக்கே வந்து எழுதிவைத்த நூல்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துவரும் வாசகன் நான். ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். வில்லியம் ரூப்ரக் என்ற பிரான்சிஸ்கன் சபைக் கிறிஸ்தவத் துறவி, 1253இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) கிளம்பி, மங்கோலியாவில் மங்கோலியப் பேரரசர் மோங்கே கானின் அவைவரை போய், 1255இல் திரும்பி வந்தார். அந்தப் பயணத்தை அவர் எழுதிய நூலை ஒரு பக்கமும் விடாமல் தமிழில் கொண்டுவாருங்கள். நான் கேட்ட கடைகளிலும் புத்தகக் கண்காட்சி அரங்குகளிலும் அது கிடைக்கவில்லை.

மார்க்கோ போலோ இருக்கிறாரே, அவர் போதாதா என்று கேட்பீர்கள். அவரையும் நாம் முழுதாகப் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். நம் வரலாற்றுப் புத்தகங்களில் போலோ மூன்று நான்கு பத்திகளாக மட்டுமே வருகிறார். காயல் துறைமுகம், முத்துக்குளிப்பு, வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வந்து இறங்கிய குதிரைகள், சுந்தர பாண்டியன். அத்தோடு சரி. 1939இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, தென்னிந்தியா பற்றி அயல்நாட்டார் எழுதியவற்றை ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்தார். அது பெரிய கொடை. ஆனால் அதற்குப் பிறகும் நாம் ஒரே கேள்வியோடுதான் இந்தப் பயணிகளிடம் போகிறோம்: நம்மைப் பற்றி என்ன சொன்னார்?

அந்தக் கேள்வியோடு போனால் ரூப்ரக்கிடம் ஒன்றும் கிடைக்காது. அவர் இந்தியாவுக்கு வரவே இல்லை. மோங்கேயின் அவையில் இந்திய சுல்தான் ஒருவருடைய தூதரைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தூதர் எட்டுச் சிறுத்தைகளையும், குதிரையின் பின்புறத்தில் ஏறி உட்காரப் பழக்கிய பத்து வேட்டை நாய்களையும் கொண்டுவந்திருந்தார். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று ரூப்ரக் கேட்டதற்கு மேற்கே கை காட்டினார்கள். திரும்பும் வழியில் மூன்று வாரம்போல அவர்கள் கூடவே மேற்கு நோக்கி வந்தார்கள் என்றும் எழுதுகிறார். மலைகளைச் சுற்றிப் போகும் பாதை அங்கிருந்து முதலில் மேற்கேதான் போகும், அதனால் அப்படிக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் நாடு மேற்கே இருக்கிற ஓர் உலகத்தில் ஒரு மனிதர் நின்றிருக்கிறார்! அந்த உலகத்தை நம் மொழியில் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நூலே ஒரு கடிதம்தான். திரும்பி வந்த ரூப்ரக் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயியை நேரில் பார்த்துச் சொல்ல விரும்பினார். அரசர் அதற்குள் நாடு திரும்பிவிட்டார். ரூப்ரக்கின் சபை மேலாளரோ அவரைப் பாலஸ்தீனக் கடற்கரையின் ஆக்கர் நகரில் பாடம் சொல்லித்தரும்படி நிறுத்திவைத்துவிட்டார். அதனால் பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அதில் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். காஸ்பியன் கடல் பெருங்கடலின் ஒரு விரிகுடா என்று அறிஞர் இசிதோர் எழுதியிருந்ததை ஐரோப்பா அறுநூறு வருடமாக நம்பியிருந்தது. அது தவறு, அந்தக் கடலை நான்கு மாதத்தில் சுற்றி வந்துவிடலாம், நாலாபக்கமும் நிலம்தான் என்று எழுதியவர் இவர். பழைய நூல்கள் சொல்லும் விசித்திர உருவ மனிதர்களைப் பற்றியும் அங்கே விசாரித்தார். அப்படி யாரையும் பார்த்ததில்லை என்றார்கள். அதையும் அப்படியே எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

புல்வெளியில் நகரும் வீடுகளைப் பற்றி எழுதும் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த கம்பளியில் கட்டிய வட்ட வீட்டை அப்படியே வண்டிமேல் ஏற்றிக் கொண்டுபோவார்கள். ஒரு வண்டியின் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே அவரே அளந்து பார்த்தார்: இருபது அடி. வீடு சக்கரங்களைத் தாண்டி இருபுறமும் ஐந்து அடியாவது நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தவை 22 மாடுகள், வரிசைக்குப் பதினொன்றாக. அச்சு, கப்பலின் பாய்மரம் அளவுக்கு இருந்தது. குமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலை முதல்முதலாகக் குடித்தபோது பயத்தில் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, ஆனால் ருசியாக இருந்தது என்கிறார். அந்தப் பாலைப் பெரிய தோல்பையில் ஊற்றி, மனிதத் தலை அளவு அடிப்பகுதி கொண்ட தடியால் அடித்து அடித்துப் பதப்படுத்துகிறார்கள். நம் மொழியில் கடைதல், சிலுப்புதல், மத்து என்று எத்தனை சொற்கள் தயாராக இருக்கின்றன! ஆங்கிலத்தில் படிக்கும்போது எனக்கு எட்டாமல் போகிற ஏதோ ஒன்று தமிழில் கைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த நூலின் மிக முக்கியமான பாத்திரங்களில் ஒருவர் உங்கள் தொழிலைச் செய்தவர். ரூப்ரக்கோடு போன அந்தத் துபாஷியை லத்தீனில் 'கடவுளின் மனிதன்' என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறார். வழியில் சமயப் பிரசங்கம் செய்யலாம் என்றால், இந்த மாதிரிச் சொற்கள் எனக்குத் தெரியாது, என்னைப் பிரசங்கம் பண்ண வைக்காதீர்கள் என்று அவர் மறுத்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாக அங்கே பேசிய மொழி காதில் விழுந்து புரிய ஆரம்பித்தபோதுதான் ரூப்ரக்குக்கு விஷயம் தெரிந்தது. தான் ஒன்று சொல்ல, துபாஷி வாய்க்கு வந்த வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இவர் வழியாகப் பேசுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று ரூப்ரக் அடங்கிவிட்டார். 1254 ஜனவரியில் மோங்கேயை முதல்முறை சந்தித்தபோது நிலைமை இன்னும் மோசம். துபாஷி மது பரிமாறுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர்கள் ஊற்றிக்கொடுக்க, சீக்கிரமே போதை ஏறிவிட்டது. அதற்கு மேல் ஒரு முழு வாக்கியம்கூடத் தனக்குப் புரியவில்லை என்கிறார் ரூப்ரக். கானும் கொஞ்சம் போதையில் இருப்பதுபோல் அவருக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் குதிரைமேல் குளிரில் வந்த பயணம், கடைசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் குழறிய நாக்கில் போய் நின்றது.

இதை வைத்துத்தான் அவருடைய தவறுகளையும் படிக்க வேண்டும். பௌத்தத் துறவிகள் மணிமாலையை உருட்டிக்கொண்டு ஓயாமல் சொல்லும் ஒரு மந்திரத்தை அவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார். 'ஓம் மணி பத்மே ஹூம்' என்பதுதான் அது. ஐரோப்பியர் ஒருவர் அதை எழுதியது அதுவே முதல்முறை. 'கடவுளே, நீ அறிவாய்' என்று அதற்குப் பொருளும் தருகிறார். பொருள் தவறு. ஆனால் யாரோ அவருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் திருத்தி எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. தவறு தவறாகவே இருக்கட்டும், கீழே அடிக்குறிப்பு போடுங்கள்.

அவருடைய வெறுப்புகளுக்கும் இதே விதிதான். கீழைத் திருச்சபைப் பிரிவினரான நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களைக் குடிகாரர்கள் என்றும் படிப்பில்லாதவர்கள் என்றும் ஏசுகிறார். பிற சமயத்தாரைச் சிலை வணங்கிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறார். மற்றவர்களைத் தம் சமயத்துக்கு மாற்றவே போன மனிதர் அவர், அதை மறைக்கவும் இல்லை. சில வரிகள் கசக்கும். அவற்றை மென்மையாக்கித் தராதீர்கள். 1254 மே மாதக் கடைசியில் கான் ஏற்பாடு செய்த சமய வாதத்தில் இவரும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் நெஸ்தோரியர்களும் பேசினார்கள். வாதம் முடிந்து எல்லாரும் சேர்ந்து குடித்தார்கள். பிறகு மோங்கே இவரை அழைத்து, கைக்குக் கடவுள் வெவ்வேறு விரல்களைக் கொடுத்ததுபோல மனிதருக்கும் வெவ்வேறு வழிகளைக் கொடுத்திருக்கிறார் என்றாராம். தனக்கு உடன்பாடில்லாத அந்தப் பேச்சை நமக்காகப் பதிந்துவைத்தவரும் அதே ரூப்ரக்தான். இரண்டு முகமும் நமக்கு வேண்டும்.

பாக்கெட் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த மடலை முடிக்க முடியாது. லொரேன் பகுதி மெட்ஸ் நகரத்துக்காரி. ஹங்கேரியில் சிறைபிடிக்கப்பட்டு மங்கோலியா வந்து சேர்ந்தவள். கான் குடும்பத்துக் கூடாரத்தில் வேலை செய்தாள். வழியில் பட்ட பாட்டையெல்லாம் ரூப்ரக்கிடம் சொல்லி, இப்போது பரவாயில்லை என்கிறாள். வீடு கட்டும் தொழில் தெரிந்த ஒரு ருதேனிய (கிழக்கு ஸ்லாவிய) இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று பையன்கள். மங்கோலியத் தலைநகரான காரகோரத்தில் கியோம் பூஷே என்ற பாரிஸ் பொற்கொல்லர் இருக்கிறார் என்று சொன்னதும் அவள்தான். கானுடைய அரண்மனையில் வெள்ளி மரம் செய்தவர் அவர். அடியில் நான்கு சிங்கங்கள், நான்கு வகைப் பானம் பொழியும் குழாய்கள், உச்சியில் எக்காளம் பிடித்த தேவதூதன். துருத்தி வைத்து எக்காளத்தை ஊதவைக்கப் பார்த்தார், காற்று போதவில்லை. அதனால் மரத்துக்கு அடியில் ஓர் ஆளை ஒளித்துவைத்து ஊதச் செய்தார். அந்தப் பூஷேயின் வளர்ப்பு மகன்தான் பின்னால் ரூப்ரக்குக்கு ஒழுங்கான துபாஷியாக அமைந்தான். போர் பிடுங்கி எறிந்த இந்தச் சாதாரண மனிதர்களை எந்த அரச வரலாறும் பெயர் சொல்லிக் காட்டாது. சுருக்கப் பதிப்பு போட்டால் முதலில் வெட்டுப்படுவதும் இவர்கள்தான்.

அப்புறம், எந்த மூலத்திலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள் என்பதைத் தயவுசெய்து முன்னுரையில் எழுதுங்கள். மார்க்கோ போலோ விஷயத்தில் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று பாருங்கள். 1298இல் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்ல, உடன் சிறையிருந்த எழுத்தாளர் ருஸ்டிசெல்லோ எழுதிய முதல் படி இன்று இல்லை. இருப்பவை நூற்று நாற்பது சொச்சம் கையெழுத்துப் படிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. 1559இல் ரமூசியோவின் இத்தாலியப் பதிப்பு வந்தது. அதிலிருந்து மார்ஸ்டன் 1818இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். வேறெங்கும் இல்லாத பல பகுதிகள் கொண்ட ஒரு லத்தீன் படி 1932இல்தான் தொலேதோவில் கிடைத்தது. மார்ஸ்டனைத் தமிழாக்கினால் ஒரு போலோ, தொலேதோப் படியைச் சேர்த்தால் வேறொரு போலோ. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்து 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் மொழி இது. பாடபேதம் என்றால் என்ன என்று நம் வாசகருக்கு விளக்கவே வேண்டாம். ரூப்ரக்குக்குக் கையெழுத்துப் படிகள் மிகச் சிலவே என்பதால் வேலை எளிது. ராக்ஹில் 1900இலும் பீட்டர் ஜாக்சன் 1990இலும் குறிப்புகளோடு நல்ல ஆங்கிலப் பதிப்புகள் தந்திருக்கிறார்கள். லத்தீன் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றோடு ஒப்பிட்டுச் செய்தால் போதும். சொல்லடைவும் ஒரு நல்ல நிலவரைபடமும் கட்டாயம் வேண்டும்.

இது விற்குமா என்ற கவலை உங்களுக்கு இருக்கும் என்று தெரியும். காகிதம், அச்சு, கடைக்காரர் கழிவு எல்லாம் போக உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதும் ஓரளவு தெரியும். முன்வெளியீட்டுத் திட்டம் அறிவியுங்கள். நான் ஐந்து படிகளுக்கு இப்போதே பணம் கட்டுகிறேன். இரண்டு என் வீட்டுக்கு, மூன்று நான் படித்த ஊர் நூலகத்துக்கு.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அந்த வண்டிகளைப் பற்றி எழுதும் இடத்தில் ரூப்ரக், எனக்குப் படம் போடத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் உங்களுக்கு வரைந்தே காட்டியிருப்பேன் என்று அரசரிடம் வருத்தப்படுகிறார். நம்மிடம் நல்ல ஓவியர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கொண்டு அந்த வண்டியை மட்டுமாவது வரையச் சொல்லுங்கள். இருபது அடித் தடம், இரண்டு வரிசையில் 22 மாடுகள், மேலே வீடு.

அன்புடன்,
உங்கள் வாசகன்