கஞ்சிக்கும் கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்றதும் எங்கள் வீட்டில் காலை இட்லியை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறினோம். தினமும் ஒரு பெரிய சொம்பு. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் சர்க்கரை குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. சிறுதானியம்தானே, எவ்வளவு குடித்தாலும் சரி என்று நாங்களாக நினைத்துக்கொண்டது தப்பு. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசியைவிட ரொம்பக் குறைவில்லை! அதையும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது.

இப்போது முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல். மதியம் தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ மீனோ, மீதிதான் சோறு. “விரதமா இது?” என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தார், அப்புறம் பழகிவிட்டது.

“அரிசியைக் குறையுங்க” என்று எல்லாரும் சொல்கிறார்கள். எத்தனை கரண்டி என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் சமையல் பகுதியில் வரும் சிறுதானியக் குறிப்புகளிலாவது, ஒருவருக்கு எவ்வளவு என்ற அளவையும் சேர்த்துப் போடலாமே?

– ஒரு வாசகி, மதுரை