முடக்குவாத நோயாளிகளுக்கு நம் ஊர்க் கிளினிக்கிலேயே இரத்தப் பரிசோதனையும் மருந்தும் வழங்கக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளரும், இணைப்பில் கையொப்பமிட்டுள்ள தோட்ட, தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர்களும்.

பொருள்: முடக்குவாதம், லூபஸ் நோயாளிகளின் தொடர் சிகிச்சையை உள்ளூரில் நடத்தித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து மலாய் மொழியில் எழுதி, தங்கள் அலுவலக முகப்பில் முத்திரையும் பெற்றுக் கொடுத்த மனுக்களுக்கு இதுவரை ஒரு வரிப் பதிலும் வரவில்லை. தாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்றும் இந்தச் செம்பனைச் சாலை வழியாகவே வளர்ந்தவர் என்றும் ஊரில் சொல்கிறார்கள். ஆகவே இம்முறை தமிழில் எழுதுகிறேன். மலாய்ப் படியும் உடன் உள்ளது.

நம் ஊரைத் தங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. பழைய ரப்பர் ஆலையும், பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள கிளினிக்கும், மாரியம்மன் கோயிலுக்கு எதிரே கூரை பறந்துபோன பஸ் நிறுத்தமும் தாங்கள் அறிந்தவைதாம். தோட்டம் துண்டாடப்பட்டபோது தோட்ட மருத்துவமனையும் போனது. அங்கே நான் வேலை பார்த்த காலத்தில் நோயாளி நடந்து வந்து மருந்து வாங்கிப் போவார். இன்று அதே நோயாளி மாநிலத் தலைநகரின் பெரிய மருத்துவமனைக்குப் போகிறார்.

மருத்துவரான தங்களுக்குப் பாடம் நடத்துவது என் நோக்கமன்று. இந்த மனுவின் படி சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் போவதால், நோயைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. முடக்குவாதம் என்பது வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி வீங்க வைத்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும் நோய் இது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதம் எனப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பச்சைத் தண்ணீரில் குளித்ததால் வந்தது, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பத்தியம் இருக்காததால் வந்தது என்று மாமியார்கள் சொல்வதில் உண்மையில்லை. மரபணுவுக்குப் பங்குண்டு, புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது. மலேசியப் பெண்களிடையே நடத்தி 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, துணித்தூசிக்கு நடுவே வேலை செய்தவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆபத்து இருப்பதைக் கண்டது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு நம் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறி எந்த வேலைக்குப் போனார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். இங்கே எல்லாருக்கும் அதனால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தையல் ஆலைக்குப் போனவர்களின் கைகளை ஒரு முறையாவது யாராவது பார்த்திருக்க வேண்டாமா?

2. இந்த நோயில் காலம்தான் முதல் மருந்து. அறிகுறி தோன்றிய முதல் சில மாதங்களுக்குள் சரியான சிகிச்சை தொடங்கினால் மூட்டைப் பெருமளவு காப்பாற்றலாம். அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. நம் ஊரில் நடப்பதோ வேறு. விரல் வீங்கினால் வலி மாத்திரை, மறுபடியும் வீங்கினால் மறுபடியும் வலி மாத்திரை. அது வலியைக் குறைக்குமே தவிர நோயை நிறுத்தாது. நெடுநாள் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கோளாறும் வரலாம். ஆர்.எஃப்., ஆன்ட்டி சி.சி.பி. என்னும் இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்து, மூட்டுவாத நிபுணரிடம் உடனே அனுப்பினால் என்ன? மூட்டுகளில் வீக்கம், காலையில் நெடுநேர விறைப்பு, கைகளை அழுத்திப் பிடித்தால் வலி என்ற மூன்றில் எது இருந்தாலும் மேலே அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

3. இனி, நாங்கள் மீண்டும் மீண்டும் எழுதுவதற்குக் காரணமான காலை நேரத்துக்கு வருகிறேன்.

முடக்குவாதக்காரருக்கு விடியற்காலைதான் நரகம். உடலில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரவில் ஏறி, அதிகாலையில் உச்சத்தைத் தொடுகின்றன. அவற்றை அடக்க வேண்டிய கார்டிசால், அதாவது உடலே சுரக்கும் ஸ்டீராய்டு, நோயாளிகளிடம் போதிய அளவு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே எழுந்ததும் ஒரு மணி நேரம், நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம், கைகால் மரக்கட்டையாகிவிடும். இது மருத்துவம் அறிந்த எல்லாருக்கும் தெரியும். பெரிய மருத்துவமனையின் வருகை அட்டையில் அச்சிட்டிருக்கும் நேரமோ காலை எட்டு மணி.

எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால், கோயில் எதிரே ஐந்தரை மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அடுத்த பஸ் ஒன்பதரைக்கு; அதில் போனால் இரத்தம் எடுக்கும் முகப்பு மூடியிருக்கும். ஐந்தரை மணிப் பஸ்ஸுக்கு என் மனைவி இரண்டரை மணிக்கு எழுகிறார். நான் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன். வாளியில் இரண்டு கைகளையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரவிக்கைக் கொக்கி நான்தான் போடுகிறேன். தலை வாருவதும், செருப்பு வாரை மாட்டுவதும், பணப்பையின் ஜிப்பைத் திறந்து மைகாட் அடையாள அட்டையை எடுத்து மேல்பையில் வைப்பதும் நானே. எனக்குக் குறையில்லை, ஐயா. என் மனைவிக்குச் செய்கிறேன். பக்கத்து லயத்தில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு யார் கொக்கி போடுவது? அவர் முதல் நாள் இரவே வெளியே போகும் உடையை உடுத்திக்கொண்டு, அப்படியே நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார்.

பிறகு பஸ். அதன் முதல் படி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. கம்பியைப் பிடித்து ஏற வேண்டும், விரல் மடங்காது, முழங்கையைக் கம்பியில் கோத்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஆலைக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க நேரம் இருக்கிறது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால் இரண்டு நாள் கூலி போய்விடும்.

அங்கே போய்ச் சேர்ந்தால் குளிரூட்டிய கூடம். உட்கார உட்கார மூட்டு மறுபடியும் இறுகும். எண் அழைத்ததும் சட்டென்று எழ முடியாது. எழுவதற்குள் அடுத்த எண்ணை அழைத்துவிடுகிறார்கள். இரத்தம் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, மருத்துவர் கையைப் பார்க்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். ஐயா, பதினொரு மணிக்குக் கை இளகிவிடும். மருத்துவர் விரல்களை மடக்கச் சொல்வார், மடங்கும். "பரவாயில்லையே" என்பார். எழுதிக்கொள்வார். விடியற்காலை மூன்று மணிக் கையை இந்த நாட்டில் எந்த மருத்துவரும் பார்த்ததில்லை. எங்கள் நோயைப் பற்றி அரசாங்கத்தின் ஏட்டில் இருப்பதெல்லாம் பதினொரு மணிக் கணக்கு.

இவ்வளவும் எதற்கு? பெரும்பாலான முறை, ஐந்து மில்லிலிட்டர் இரத்தம் எடுக்கவும் மாத்திரைப் பொட்டலம் வாங்கவும்தான். முடக்குவாதத்தை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வோருக்கு இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறை, நிலைப்பட்ட பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை. அதை நான் மறுக்கவில்லை, கட்டாயம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் நம் கிளினிக்கில் நீரிழிவு நோயாளிகளிடம் இரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா? அந்தக் குப்பிகளை ஏற்றிக்கொண்டு வேன் அதே பெரிய மருத்துவமனைக்குப் போகிறது அல்லவா? அந்தப் பெட்டியில் இன்னும் நான்கு குப்பி வைத்தால் வேன் கவிழ்ந்துவிடுமா? இரத்தம் வேனில் போகட்டும், ஐயா. மனிதர் வீட்டில் இருக்கட்டும்.

இப்படிப் போக முடியாதவர்கள் போகாமலே விடுகிறார்கள். அட்டையில் "வரவில்லை" என்று குறிக்கப்படுகிறது. மருந்து தீர்கிறது. சில வாரங்களில் நோய் மறுபடியும் மூண்டு, முன்பு தப்பித்த விரலும் கோணிக்கொள்கிறது. அடுத்த முறை போகும்போது, ஒழுங்காக வருவதில்லை என்று திட்டும் கிடைக்கிறது.

4. மருந்து. மீதி மாதங்களின் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பெறுவதற்கு எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சே வைத்திருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருப்பதை நடத்தித் தாருங்கள். நம் கிளினிக்கில் கேட்டால் "அந்த மருந்து எங்கள் பட்டியலில் இல்லை" என்கிறார்கள். பெரிய மருத்துவமனையில் கேட்டால் "உங்கள் கிளினிக்தான் வாங்கி வைக்க வேண்டும்" என்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வட்டாரத்தில் ஒரு பாட்டி அப்படித் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகிப் படுத்தபடியே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிழைத்துக்கொண்டார். மருந்துப் பையின் மேல் எந்தக் கிழமை என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்க ஒரு பேனா போதும்.

5. ஜாமு என்னும் நாட்டு மருந்து. அரசாங்கம் வராத இடத்துக்கு ஜாமு விற்பவர்கள் வந்துவிடுகிறார்கள். இரவுச் சந்தையில் விற்கிறார்கள், வீட்டுக்கே வந்து தருகிறார்கள், கடனும் கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. பறக்காதா பின்னே? இப்படிப்பட்ட "மூட்டுவலி மருந்து"களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் குடித்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். பயந்து திடீரென்று நிறுத்தினாலோ இரத்த அழுத்தம் விழுந்து மயங்கவும் கூடும். பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்லாத வீடில்லை. "உங்கள் கிளினிக்கில் மருந்து கொடுங்கள், நாங்கள் ஏன் இதை வாங்குகிறோம்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

6. லூபஸ். இதுவும் அதே குடும்பத்து நோய்தான். நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில். தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம் என எதையும் தாக்கும். வெயில் பட்டால் நோய் மூளும். ஐந்தாம் படிவம் முடித்த ஒரு பெண், கன்னத்தில் சிவப்புப் படை, ஓயாத காய்ச்சல், கால் வீக்கம் என்று வந்தபோது சொறிக்குக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க ஒரு காகிதப் பட்டையும் இரண்டு நிமிடமும் போதும். பார்த்திருந்தால் இன்று அந்தப் பெண் டயாலிசிஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

7. மறுபடியும் மூன்றாவதைப் பற்றித்தான். மற்றவற்றுக்குப் பணம் வேண்டும், நிபுணர் வேண்டும், மேலிடத்து அனுமதி வேண்டும் என்று தாங்கள் சொல்லலாம். நிபுணர் மாதம் ஒரு முறையாவது மாவட்டத்துக்கு வர வேண்டும் என்ற எங்கள் ஆசை அப்படியே இருக்கட்டும், காத்திருக்கிறோம். ஆனால் உள்ளூரில் இரத்தம் எடுப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? வருகை அட்டையில் எட்டு மணி என்பதைப் பதினொரு மணி என்று மாற்ற எந்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு வேண்டும்? தங்கள் கையொப்பத்துடன் பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம், நம் கிளினிக்குக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான், ஐயா. அந்த இரண்டு கடிதங்களைத்தான் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இணைப்பில் பல பெயர்களுக்கு எதிரே பெருவிரல் ரேகை இருப்பதைக் கண்டு, எழுத்தறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள், மலாயில் கடிதம் எழுதக்கூடியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கையெழுத்து வாங்கக் காலையில் போனோம். பேனா பிடிக்க முடியவில்லை.

ஆகவே, முடக்குவாதம், லூபஸ் நோயாளிகளின் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளை நம் கிளினிக்கிலேயே எடுக்கவும், அவர்களின் மருந்துகளை எஸ்.பி.யு.பி. வழியாக இங்கேயே வழங்கவும், பெரிய மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டிய நாள்களில் முற்பகல் பதினொரு மணிக்குப் பிந்திய நேரம் தரவும் ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

முடியாது என்பதுதான் தங்கள் முடிவானால், அதையாவது காரணத்துடன் எழுத்தில் தாருங்கள். அதை எடுத்துக்கொண்டு மாநில இயக்குநரிடம் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்
(குடியிருப்பாளர்கள் சார்பில்)

இணைப்பு: கையொப்பங்களும் ரேகைகளும்; முந்தைய மனுக்களின் முத்திரையிட்ட படிகள்; இம்மனுவின் மலாய்ப் படி.