பாலையாவுக்கு அரை வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாகேஷுக்கு முக்கால் பக்கம். டி.எஸ். பாலையாவுக்கு, ‘உடன் பாலையாவும் நடித்திருந்தார்’ என்று அரை வரி. அந்த ‘உடன்’தான் என்னை எழுத வைத்தது. நாற்பது வருடம் தவில் வாசித்தவன் நான். கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நாங்கள் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவோம்.

அந்தக் காட்சியை ஒருமுறை நாகேஷை விட்டுவிட்டுப் பாருங்கள். சத்தமெல்லாம் அவருடையது, பயம் பாலையாவுடையது. பேச அவருக்கு அதிகமில்லை. கண்ணையும் தொண்டையையும் வைத்தே சமாளித்திருக்கிறார்.

1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது அப்பா என்னைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போனார். சினிமாவில் தவிலைத் துணி துவைப்பதுபோல் அடிக்கிறார்கள் என்று எப்போதும் முணுமுணுப்பவர், அன்று முத்துராக்கு என்ற தவில்காரராக பாலையா வந்த பிறகு வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: “கை வாசிப்பது கிடக்கட்டும். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கும் இடம் அந்த மனுஷருக்குத் தெரிகிறது.” என் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். விரலில் கூடு மாட்டியதெல்லாம் பிறகு.

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் பாலையா நடித்த ஹேமநாத பாகவதர் என்றால் எல்லோரும் ‘ஒருநாள் போதுமா’ பாட்டைத்தான் சொல்கிறார்கள். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, மறுப்பதற்கில்லை. எனக்கு அதற்குப் பிந்திய இரவுதான் பெரிது. விறகுவெட்டியாக வந்த சிவனின் பாட்டைக் கேட்கக் கேட்க அந்த வித்துவச் செருக்கு முகத்திலிருந்து கழன்று விழுகிறதே, அதற்கு எந்தப் பாடகரும் குரல் கொடுத்துவிட முடியாது.

இன்னொன்று. ‘சிரிப்பு நடிகர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1936இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக வந்தவர் அவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், சின்ன வேடம். அடுத்த வருடம் ‘அம்பிகாபதி’யிலும் வில்லன்தான், 1956இல் ‘மதுரை வீரன்’ வரும்போதும் ஊர் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தது. ‘பாமா விஜய’த்து அப்பாவெல்லாம் கடைசிப் பத்து வருடத்துக் கணக்கு. 1972இல் போய்விட்டார், ஐம்பத்தெட்டுகூட நிறையவில்லை.

கட்டுரையோடு வந்த புகைப்படத்தில் பாலையா ஓரத்தில் வெட்டுப்பட்டு, ஒரு காதும் தோளும் மட்டும் தெரிகின்றன. முழுப் படம் உங்களிடம் இருந்தால் ஒருமுறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தவில் கலைஞர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.