கருவாட்டு வாடைக்கு மெழுகுவத்தியா?

திருத்துறைப்பூண்டி
மார்கழி 4

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியாச்சு. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பா கதிர் வாங்கி நிற்கிற நேரம். வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடப்பதால் வயலில் தண்ணீர் வடிவேனா என்கிறது. தம்பி மண்வெட்டியும் கையுமாக அலைகிறான்.

சரி, உன் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். கருவாடு வறுக்கும்போது பக்கத்தில் வாசனை மெழுகுவத்தி ஏற்றிவைத்தால் வாடையை நெருப்பு தின்றுவிடும் என்கிறாள், நிஜமா என்று கேட்டிருக்கிறாய். வேதியியல் டீச்சரிடம் கேட்டால் கணக்கோடுதான் பதில் வரும், பொறுத்துக்கொள்.

நாற்றம் தருகிற பொருள் சுடருக்குள் புகுந்தால் எரிந்துதான் போகும். அதுவரை அவள் சொல்வது சரி. ஆனால் புக வேண்டுமே! ஒரு கிராம் மெழுகு எரிய ஏறத்தாழ 12 லிட்டர் காற்று போதும். சாதாரண மெழுகுவத்தி மணிக்கு ஐந்தாறு கிராம் எரியும், ஆக 60, 70 லிட்டர். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. அவ்வளவையும் சுடர் இழுத்து எரிக்க வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு மேல் அணையாமல் எரிய வேண்டும். அதற்குள் நீ அடுத்த கருவாட்டுக் குழம்பே வைத்திருப்பாய்.

பிறகு ஏன் வாடை குறைந்த மாதிரி இருக்கிறது? மெழுகில் கலந்த வாசனை மூக்கை ஏய்க்கிறது, அவ்வளவுதான். கக்கூஸில் தீக்குச்சி கிழிப்பதும் இதே கதை. அங்கே நாறுவது மீத்தேன், அது எரிந்துவிடுகிறது என்பார்கள். மீத்தேனுக்கு மணமே கிடையாது. (மீத்தேன் என்றாலே நம் டெல்டாக்காரர்களுக்கு வேறு கோபம் வரும், அதை விடு.) குச்சி மருந்தில் உள்ள கந்தகம் எரிகிற நெடி முந்திக்கொள்கிறது, மற்றது அமுங்கிப்போகிறது. சாம்பிராணியும் அப்படித்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நான் விடமாட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு, தணல்மேல் கூடையைக் கவிழ்த்து அந்தப் புகையில் முடி உலர்த்துகிற சுகமே தனி. அண்ணனுக்கு இளைப்பு இருக்கிறதே, நீ மட்டும் மூடின அறையில் போடாதே. மெழுகுவத்தியும் கரிப்புகை கக்கும், திரி நீளமாக இருந்தால் இன்னும் மோசம்.

2018 கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் ராத்திரி ராத்திரி மெழுகுவத்தியோடுதான் உட்கார்ந்திருந்தோம். நனைந்த மெத்தை, ஊறிப்போன நெல் மூட்டை என்று வீடே புழுங்கி நாறியது. அத்தனை மெழுகுவத்தி எரிந்தும் அந்த முடை கொஞ்சமும் போகவில்லை. மெத்தையைத் தூக்கிப்போட்டு, மூட்டையைப் பிரித்து வெயிலில் கொட்டிய பிறகுதான் போனது.

கருவாட்டுக்கு நம் அம்மாக்கள் வழியே போதும். கழுநீரில் ஊறவைத்து அலசு. வறுத்து முடித்ததும் சட்டியையும் அடுப்பு மேடையையும் புளிக்கரைசலோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய். மீன் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்கிற காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான வகைப் பொருள்). புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கிற அமிலம் பட்டதும் உப்பாக மாறிவிடும், உப்பு காற்றில் கிளம்பி மூக்குக்கு வராது. அப்புறம் கொல்லைக் கதவைத் திறந்துவை. மழைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வறுத்தால் மூன்று நாளைக்குப் புடவையெல்லாம் மணக்கும்.

ஒன்றை மட்டும் மருமகளிடம் அழுத்திச் சொல். சமையல்கட்டில் எந்நேரமும் சுடர் எரிகிற பழக்கம் வேண்டாம். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள், அந்த அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அதுதான். வாசனை மெழுகுவத்தி அதையும் மறைக்கும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். நாறினால் ரெகுலேட்டரை மூடு, கதவைத் திற, சுவிட்சில் கைவைக்காதே, தீக்குச்சி பக்கமே போகாதே. அவளுக்கு அந்த மெழுகுவத்தி பிடித்திருந்தால் கூடத்தில் சாயங்காலம் ஏற்றட்டும், அழகாகத்தான் இருக்கும். பெங்களூரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த பிள்ளையை என் பேரைச் சொல்லித் திட்டிவிடாதே.

தை பிறந்ததும் அறுப்பு. மழை கருணை வைத்தால் முதல் மூட்டை உனக்கு. பொங்கல் கழித்து அண்ணனையும் அழைத்துக்கொண்டு வா, மன்னார்குடி வழி பஸ்ஸே வசதி. வரும்போது கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கி வா. இங்கே கிடைப்பது வாயில் போட்டால் வைக்கோல்.

உன்
விஜயா