அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்கூட நின்றவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், வீடு தேடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. கட்டில் காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. பக்கவாதத்தில் அவர் படுத்த நாளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்த பழக்கம். அந்த முழிப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில், மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ் அக்காவுக்கு. 2021-இல் அந்தத் திட்டம் வந்தபோது பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்றுதான் நினைத்தேன். படுக்கையில் கிடப்பவர்களையும் வந்து பார்ப்பார்கள் என்று நீங்கள் வாசலில் வந்து நின்ற அன்றுதான் தெரிந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்து அப்பாவின் இடுப்புக்குக் கீழே விரித்தீர்கள். "ஆளைப் பிடிச்சு இழுக்காதேம்மா, தோல் உரிஞ்சிடும். வேட்டியோட தூக்கித் திருப்பு." குதிகாலில் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னீர்கள். கடைசிவரை அப்பாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை அக்கா.

இன்னொன்றும் உண்டு. ஒரு ராத்திரி மூன்றாம் தடவை துணி மாற்றும்போது அப்பாவிடம் கத்திவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல வாய் வராமல் உங்களிடம்தான் சொல்லி அழுதேன். "பெத்த பிள்ளைகிட்டயே கோபம் வருது, இதுல வராதா? நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றீர்கள். அது எதிர்வீட்டு அத்தை காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் முறத்தில் முருங்கைக்கீரையோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன், நீ போய்ப் படு." அன்று முதல் தினமும் இரண்டு மணி நேரம். அத்தை, அந்தத் தூக்கம் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

சலூன் அண்ணா, மகள் துடைத்துவிடும்போதெல்லாம் அப்பா கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் சவரம் செய்ய வருகிற நாளில் மட்டும் கண்ணாடி கேட்டு வாங்கி, மீசையைப் பார்த்துக்கொள்வார். காசு கொடுத்தால், "ஐயா கடைக்கு நடந்து வருவாரு, அப்ப வாங்கிக்கிறேன்" என்பீர்கள். அப்பா அதை நம்பினார். நானும்தான்.

தினமும் ராத்திரி துபாயிலிருந்து கூப்பிட்டு, அப்பாவிடம் பேசிவிட்டு, "நீ சாப்டியா?" என்று கேட்ட அண்ணனுக்கும் நன்றி.

வாட்டர் பெட்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். தெருவில் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். புரட்டிப் படுக்கவைக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் வீட்டுப் பெண்